முப்பதுக்குக் கீழே

"அந்தப் பொண்ணை வெளிய அனுப்புங்க" என்றாள் கனிஷ்கா.

கத்தவில்லை. கத்தினால் எண் ஏறும். திருப்பூரில் வைகிறவர்களும் 'ங்க' போட்டுத்தான் வைவார்கள். கனிஷ்கா அதோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொள்வாள். சுவர்ப் பலகையில் முப்பத்தெட்டாக இருந்த எண் நாற்பத்தாறாகியிருந்தது. ஆபரேஷனுக்கான பச்சைச் சட்டையோடு அப்போதுதான் உள்ளே வந்த நர்ஸ் மேகலா, முன்னால் வருவதா பின்னால் போவதா என்று தெரியாமல் நின்றாள்.

"பாப்பாவுக்குச் சட்டை மாத்தத்தாங்க வந்தேன். ஊசி கீசி எதுவுமில்லீங்க."

"எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்கலீங்களே. நீங்க வந்தீங்க, எட்டு ஏறுச்சு."

"பொட்டு சில நேரம் தப்பாக் காட்டுதுங்கக்கா..."

"மானி பொய் சொல்லாதுங்க. மனுசங்கதான் சொல்லுவாங்க."

மேகலா சட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, கனிஷ்காவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். இப்படி வெளியேற்றப்படுவது அவளுக்கு இது இரண்டாவது முறை. இன்னொன்று ஆனால் குழந்தைகள் வார்டில் அவளுக்கு வேலை இல்லை.

கட்டிலில் இருந்த ஆழினி கனிஷ்காவின் மகள். ஏழு வயது. அவள் நெற்றியில் இருந்தது பார்க்கச் சாதாரண ஸ்டிக்கர் பொட்டுதான், ஆனால் அதற்குள் ஓர் அச்சமானி இருந்தது. வியர்வையின் உப்பு, புருவத்துக்கு மேலே ஓடும் நாளத்தின் துடிப்பு, மூச்சின் சூடு எல்லாவற்றையும் அது நொடிக்கு நொடி கூட்டிக் கழித்து, குழந்தை எவ்வளவு பயப்படுகிறது என்பதை ஒரே எண்ணாகச் சுவருக்கு அனுப்பிவிடும். முப்பதுக்கு மேலே இருக்கிற குழந்தையின் மேல் ஊசி முனைகூடப் படக் கூடாது என்பது சட்டம். குழந்தை பார்த்தால் இன்னும் பயப்படும் என்று, பலகையைக் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். குழந்தையைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

நல்ல சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை. அதற்கு முன் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த விதத்தைக் கனிஷ்காவின் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அவளுக்கு ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை கிழிந்தது. தையல் போடக் கோழியை அமுக்குவது போல அவளை மேசையில் அமுக்கினார்கள். தலையை ஒருவர், கைகளை இருவர். கால்களைப் பிடித்தது பெற்ற அம்மா. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அம்மா இறுக்கிய அந்தப் பிடியைக் கனிஷ்கா இன்றுவரை மன்னிக்கவில்லை. தையல் வலித்ததா என்று கேட்டால் அவளுக்கு நினைவில்லை.

அச்சமானி வந்தபோது முதலில் கைதட்டியவள் அவள். பெற்றோர்களைத் திரட்டிச் சங்கம் வைத்தாள், செயலாளர் ஆனாள். ஆனால் மானி எவ்வளவு பயம் என்று சொன்னதே தவிர, யாரால் பயம் என்று சொல்லவில்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒரு பனியன் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவின் தலைவி. அந்த வேலையில் ஒரே கேள்விதான்: இந்தப் பழுது எந்தக் கையிலிருந்து வந்தது? கையைக் கண்டுபிடி, மெஷினை விட்டு எழுப்பு, அடுத்த பீஸ் சுத்தமாக வரும். ஒருமுறை எல்லா லைனிலிருந்தும் நூல் இழுத்த பீஸாக வந்தது. டெய்லர்களை மாற்றி மாற்றி எழுப்பியும் நிற்கவில்லை. கடைசியில் கனிஷ்காதான் சோதனை மேசையைக் கவிழ்த்து, விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த ஆணியைக் காட்டினாள். தலைவி பதவி அதற்குத்தான் கிடைத்தது. சங்கக் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் அவள் மைக்கை விட்டதில்லை.

அதே முறையை அப்படியே வார்டுக்குள் கொண்டுவந்தாள். வெளியேற்ற விதி என்று அதற்குப் பெயர். வாசலில் இருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒருவர் உள்ளே இருக்க, எண் முப்பதைத் தாண்டினாலோ, தாண்டிய எண் இன்னும் ஏறினாலோ அவர் 'அச்சமூட்டி'. உடனே வெளியே போக வேண்டும். பிறகு திரும்பி வந்து பார்க்கலாம், ஆனால் அப்போதும் ஏறினால் அது அடுத்த முறையாகக் கணக்கு. மூன்று முறை ஆனவர் அதன்பின் குழந்தைகள் பக்கமே வரக் கூடாது. அரசு வாரியம் எழுதிய வரைவில் 'பெற்றோர் நீங்கலாக' என்று இரண்டு சொற்கள் இருந்தன. "பெத்தவங்கன்னா தலையில கொம்பா மொளைச்சிருக்குது?" என்று கேட்டு அந்த இரண்டையும் அடிக்க வைத்தவள் கனிஷ்கா. கால்களைப் பிடித்த கைகள்தான் அப்போது அவள் கண்முன் இருந்தன.

விதி வந்த பிறகு வார்டில் எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். மாத்திரைத் தட்டைக் கோட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குழந்தைகளிடம் விளையாட்டுப் பேச்சு பேசுவது அறவே நின்றுபோனது. எதற்கு வம்பு?

மயக்க மருந்து டாக்டர் சுகன்யா இப்போது அந்தக் கோட்டுக்கு வெளியேதான் கைகட்டி நின்றார். அறுபதை நெருங்கிய பெண்மணி. அவருக்கும் கனிஷ்காவுக்கும் ஆகாது என்பது அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்குக்கூடத் தெரியும்.

"மணி ஓடுதுங்க" என்றார். "அறுவைக்கரம் மத்தியானம் சேலம் கிளம்பீரும். மறுபடி இந்த ஊருக்கு வர எத்தனை நாளாகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஊர் ஊராக வண்டியில் போய்வரும் அந்த ஆபரேஷன் எந்திரத்துக்காகக் காத்திருந்து, எண் இறங்காமல் மூன்று தடவை ஆழினியைத் திருப்பி அழைத்துப் போயிருக்கிறாள். சிறுநீர் கீழே இறங்காமல் மேலே ஏறி, குழந்தையின் வலது கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு தடவை தள்ளிப்போனால் அதில் காப்பாற்ற எதுவும் இருக்காது என்று காலையில் எடுத்த ஸ்கேன் சொன்னது.

"இந்த நெலமைக்குச் சட்டத்துல விலக்கு இல்லீங்களா?"

"உயிர் போற கேஸுக்குத்தாங்க விலக்கு. கிட்னி ரெண்டு இருக்குதே. ஒண்ணு போனா உயிர் போகாதாமா."

கனிஷ்காவுக்கு அந்த அம்மாளின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. பலகையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து யானையை அனுப்பினார்கள். பஞ்சு உடம்பும் ஆடுகிற காதுமாகக் கோட்டைத் தாண்டி உருண்டு வந்த அந்தக் கதை சொல்லும் பொறி, தும்பிக்கையால் ஆழினியின் உள்ளங்காலைத் தடவிவிட்டு, பல் தேய்க்க மறந்த முதலையின் கதையை ஆரம்பித்தது. முதலையின் வாய் நாற்றம் தாங்காமல் மீன்களெல்லாம் பஸ் ஏறிப் போன இடத்தில் ஆழினி களுக்கென்று சிரித்தாள். எண் முப்பத்தாறு ஆனது, முப்பத்துநாலு, முப்பத்துமூன்று. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கனிஷ்கா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"சூப்பர் கண்ணு! இன்னும் மூணுதான். மூச்சை நல்லா இழு. மூணே மூணு!"

நாற்பத்தொன்பது.

"அந்த யானையை வெளிய எடுங்க" என்றாள்.

"கனி" என்றான் அவள் கணவன் தருண். மகளின் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்தவன் அவன். "யானை என்ன பண்ணுச்சு? நீ கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பாக்காம இரேன்."

"பாக்காம? போன தடவை நீங்க பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டு வாட்ஸப் நோண்டிட்டு இருந்தீங்களே, அந்த மாதிரியா மாமா?"

"அதுக்கில்ல..."

"எதுக்கில்ல? யாராச்சும் ஒருத்தர் பாக்கோணுமல்ல? இவங்க பாப்பாங்களா? நீங்க பாப்பீங்களா? நான் கண்ணை எடுத்தா அடுத்த நிமிசம் நாலு பேர் வந்து என்ற புள்ளைய அமுக்குவாங்க!"

ஐம்பத்தேழு.

ஆழினி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அவள் யானையையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க வெளிய இருங்க" என்றாள் கனிஷ்கா.

தருண் எழுந்தான். வாக்குவாதம் செய்து அவளிடம் ஜெயித்ததாக அவன் வாழ்க்கையில் சரித்திரம் இல்லை. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனான். யானையும் அவன் பின்னால் உருண்டு வெளியே போனது. பெற்ற அப்பனையே வெளியேற்றிவிட்டாளே என்று வராந்தாவில் யாரோ முணுமுணுத்தார்கள். பாரபட்சம் பார்க்கிறவள் நான் இல்லை என்று கனிஷ்காவுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

எண் இறங்கும் என்று காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

"இப்ப உள்ள யாருங்க இருக்கறது?" என்று கேட்டார் சுகன்யா.

"என்ற புள்ளைங்க."

"அப்பறம்?"

கனிஷ்கா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி, குடம் போல ஒரு விளக்கு, பச்சைச் சட்டை. வேறு ஆள் இல்லை.

"பொட்டு பழுதுங்க. வேற ஒட்டுங்க."

வேறு பொட்டு கோட்டில் வைக்கப்பட்டது. கனிஷ்காவே எடுத்து ஒட்டினாள். புதுப் பொட்டு அறுபத்திரண்டு என்றது.

"மானி பொய் சொல்லாதுங்க அம்மணி" என்றார் சுகன்யா. "உங்க சங்கத்து பேனர் நம்ம கேட்டுலயேதான் தொங்குது."

"நான் அவளோட அம்மாங்க!"

"விதியில அந்தச் சொல் இல்லீங்க. இருந்துச்சு. நீங்கதான் அடிக்க வெச்சீங்க."

"இதுக்குன்னே காத்துட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றார் சுகன்யா, மறைக்காமல். "ரெண்டு வருசமா. ஊசி போடறதே குழந்தைக்குத் தெரியாத மாதிரிப் போடற ரோஸியை இந்த வார்டை விட்டு நீங்க அனுப்புன நாள்ல இருந்து. ஆனா இன்னிக்கு நான் கேக்கறது அதுக்கில்ல. கிட்னிக்கு. வெளிய வாங்க."

கனிஷ்காவின் கைகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டன. நேற்று வந்த நர்ஸுக்கும், பஞ்சு யானைக்கும், செருப்பைச் சுமந்துகொண்டு திரியும் தருணுக்கும் பொருந்துகிற விதி எனக்கும் பொருந்துமா? என்ன அநியாயம்! அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனால் பலகையில் அறுபத்துநாலு ஆகியிருந்தது, வெளியே வண்டி சேலத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றது. மகளின் நெற்றியில் முத்தம் வைக்கப் போனாள். பொட்டு நகர்ந்துவிடுமே என்று கன்னத்தில் வைத்தாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள். "ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. விடுவிடுவென்று கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.

அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியிலிருந்து உள்ளே தெரியும். உள்ளிருந்து பார்த்தால் வெறும் கறுப்பு. கனிஷ்கா அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். தனியாக விட்டால் குழந்தை அலறும், எண் எண்பதைத் தொடும், இந்தம்மாள் முகத்தில் கரி பூசலாம் என்று ஒரு பக்கம் மனசு வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டிய மனசை அவளே வைதுகொண்டாள்.

ஆழினி கதவைப் பார்த்தாள். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டு, போர்வையிலிருந்து காலை வெளியே நீட்டி, கட்டைவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு. நாற்பத்துநாலு. முப்பத்தேழு. முப்பத்தொன்று.

அதற்குக் கீழே போகவில்லை. தனியாகக் கிடக்கிற குழந்தைக்கு இருக்க வேண்டிய பயம் அது. யாராவது ஒருவர் உள்ளே போக வேண்டும். சுகன்யா திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எண் முப்பத்தொன்றில் இருக்கும்போது ஒரு புள்ளி ஏறினாலும் போகிறவர் தலையில் விடியும்.

மேகலா மயக்க மருந்து செலுத்தும் முகக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். கனிஷ்காவைத் தாண்டிப் போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை. மஞ்சள் கோட்டில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தாண்டினாள்.

"மேகலாக்கா!" ஆழினியின் குரல் வராந்தா ஒலிபெருக்கியில் கேட்டது. "உங்களையும் ரோஸியக்கா மாதிரி அனுப்பீருவாங்களா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு. ஏன் கேக்கற?"

"அம்மா என்ற தலைக்கு மேலயே பாத்துட்டு இருப்பாங்க. அவங்க கண்ணு பெருசாச்சுன்னா யாரோ ஒருத்தர் போகோணும். ஏறக்கூடாது ஏறக்கூடாதுன்னு நான் உள்ளுக்குள்ள சொல்லீட்டே இருப்பேன். சொல்லச் சொல்ல அவங்க கண்ணு இன்னும் பெருசாகும்."

"ஊசின்னா பயமில்லையா?"

ஆழினி யோசித்தாள். "கொஞ்சூண்டு இருக்குது."

பலகையும் அதையேதான் சொன்னது. இருபத்துமூன்று.

தருண் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கனிஷ்காவின் அருகில் நின்றிருந்தான். அந்த ஆணிக் கதையை மேடைக்கு மேடை கேட்டவன் அவன். மகளின் செருப்புகள் இன்னும் அவன் கையிலேயே இருந்தன. அந்தக் கதையை அவன் இப்போது சொல்லிக் காட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

மேகலா முகக்கவசத்தை ஆழினிக்குப் பொருத்தினாள். பதினாலு, ஒன்பது, நாலு. கட்டில் உருண்டு ஆபரேஷன் அறைக்குள் போனது.

கிட்னி பிழைத்தது. சேலத்து வண்டி சற்றுத் தாமதமாகக் கிளம்பியது, அவ்வளவுதான். மாலையில் ஆழினி கண் விழித்துத் தண்ணீர் கேட்டதாகச் செய்தி வந்ததும் கனிஷ்கா மீட்பு அறை வாசலுக்கு ஓடினாள். அங்கேயும் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. கோட்டருகே சுகன்யா நின்றார். காலையில் இருந்த எகத்தாளம் இப்போது அவர் குரலில் இல்லை, களைப்புதான் இருந்தது.

"போங்க. உங்களைத்தான் தேடறா. ஆனா ஒண்ணு சொல்லோணும். உங்க சங்கம் அரசாங்கத்துகிட்ட ஒரு மனு போட்டிருந்தீங்கல்ல? ஆஸ்பத்திரியில மட்டும் போதாது, ஊட்டுலயும் பள்ளிக்கூடத்துலயும் பொட்டு இருக்கோணும்னு?"

"ஆமாங்க."

"உத்தரவு மத்தியானம் வந்திருச்சு. இனி ஆபரேஷன் முடிஞ்ச குழந்தைங்களை எல்லாம் பொட்டோடதான் ஊட்டுக்கு அனுப்போணும். மூணு முறை கணக்கு அங்கயும் உண்டு. உங்களுக்குக் காலையில ஒண்ணு பதிவாயிருக்குது."

கனிஷ்கா தலையாட்டினாள். பார்க்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் பலகை எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன? என் பிள்ளையைப் பார்க்கப் போகிறேன், பிள்ளையை மட்டும் பார்ப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

"அம்மா" என்றது தலையணையிலிருந்து ஒரு சின்னக் குரல். தூக்கம் தெளியாத முகம் முழுக்கச் சிரிப்பு.

கனிஷ்காவின் கண்கள் அந்த முகத்துக்குத்தான் புறப்பட்டன. ஆனால் பழுதைத் தேடியே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிய கண்கள் அவை. முகத்தைத் தாண்டித் தலைமாட்டுக்கு மேலே போய் நின்ற பிறகுதான், போய்விட்டன என்று அவளுக்கே தெரிந்தது. அங்கே பன்னிரண்டு என்று இருந்தது.

ஆழினியின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவின் கண்கள் எங்கே நிற்கின்றன என்று அவள் பார்த்துவிட்டாள்.

பத்தொன்பது. இருபத்தெட்டு. கனிஷ்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது இன்னும் மோசம். முப்பத்தாறு. வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் ஏத்தலைம்மா" என்று விசும்பினாள் ஆழினி. "அதுவா ஏறுதும்மா."

யாரோ கனிஷ்காவின் முழங்கையைத் தொட்டார்கள். மேகலா. காலையில் கனிஷ்கா அவளிடம் காட்டிய சிரிப்பை அவள் திருப்பிக் காட்டவில்லை. 'ங்க'வை மட்டும் விடவில்லை.

"வாங்கக்கா, வெளிய போயிரலாம். இது ரெண்டாவதுங்க. மூணாவதை ஊட்டுல ஆக்கிப்போடாதீங்க."

கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், தன் கால்களையே பார்த்துக்கொண்டு கனிஷ்கா கோட்டைத் தாண்டி வெளியே நடந்தாள்.